தாண்டல் சீர்

மூத்தவள் வீட்டில் இருக்க இளையவள் கல்யாணம் செய்துகொண்டால், அவள் அக்காவைத் தாண்டிப் போகிறாள் என்பார்கள் சோலோ ஊரில். சும்மா தாண்டிவிட முடியாது. அக்காவின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்கா வாய்திறந்து என்ன கேட்கிறாளோ அதைச் சீராகக் கொடுக்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி கொடுக்காமல் தாண்டினால் இளையவளின் குடும்பம் விளங்காது. இதில் முர்வானியின் அம்மாவுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

முர்வானிக்கு முப்பத்தொரு வயது, மருந்துக்கடையில் வேலை. தங்கை துன்ஜுங்குக்கு இருபத்தாறு. அடுத்த மாதம் கல்யாணம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பவுன் கேள், புதுப் போன் கேள், விடாதே, வாழ்க்கையில் ஒரு தடவைதான் இப்படி வாய்க்கும் என்றார்கள். முர்வானி மூன்று நாள் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"எனக்குப் பவுனும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு ஞாயித்துக்கிழமை நாம நாலு பேரும் ரயிலேறி ஜோக்ஜா போய்ட்டு வரணும். வீட்டை விட்டுக் கிளம்பினதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் நான் சொல்ற இடத்துக்கெல்லாம் வரணும். அதான் என் சீர்."

"நாலு பேரா?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளையும்தான். அவர் இல்லாம என்ன ஊர்சுத்தல்?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா துன்ஜுங், உங்கக்கா மனசை! எதைக் கேக்கப் போறாளோன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். சரிடி தங்கம். நீ சொல்ற இடமெல்லாம் வர்றோம். இது என் வாக்கு."

தங்கமாம். அந்தத் தங்கத்துக்குள் நான்கு வருடமாக என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்று பெற்றவளுக்கே தெரியாது. தெரியாததற்குக் காரணமும் முர்வானியேதான்.

மாப்பிள்ளையின் பெயர் ஹங்கோரோ. மோட்டார் சைக்கிள் ஷோரூமில் விற்பனையாளன். பல்லைக் காட்டினான் என்றால் சக்கரம் இல்லாத வண்டியைக்கூடத் தலையில் கட்டிவிடுவான். நான்கு வருடத்துக்கு முன்பு அவன் இந்த வீட்டுக்கு வந்துபோனது முர்வானிக்காக. பெண் கேட்கும் பேச்சும் எழுந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான், கடையில் பயிற்சி வகுப்பு என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு அவள் அவனோடு ஒருநாள் ஜோக்ஜா போனாள். திரும்பும்போது ரயில் பிரம்பானனில் நின்றது. இறங்கிக் கோவிலைப் பார்க்கலாம் என்றான். அவள் மாட்டேன் என்றாள். கல்யாணம் ஆகாத ஜோடி சேர்ந்து அந்தக் கோவிலுக்குள் கால் வைத்தால் பிரிந்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இந்தக் காலத்துலயும் இதையெல்லாம் நம்புறியா?" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

சரியாக இரண்டு மாதம் கழித்துப் போனில் ஒரு செய்தி வந்தது.

'தெக், நாம பிரம்பானன் போயிருக்கக் கூடாது. பெரியவங்க சொன்னது பலிச்சிடுச்சு. நான் என்ன செய்ய, விதி. என்னை மன்னிச்சிடு.'

தெக் என்பது தன்னைவிட இளையவளை ஆண்கள் கொஞ்சலாகக் கூப்பிடுவது; பதிலுக்குப் பெண்கள் மாஸ் என்பார்கள். கைகழுவும்போதும் கொஞ்சல் வேறு! எதற்காக அன்று அப்படி இழுத்துக்கொண்டு போனான் என்பது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் துப்பில்லாதவன், பழியைப் போடக் கோவில் கல்லைத் தேடியிருக்கிறான். அன்று குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒரு மணி நேரம் அழுதாள். வெளியே வந்து அம்மாவிடம், "அவர் எனக்கு ஒத்துவர மாட்டார்மா, நான்தான் வேணாம்னுட்டேன்" என்றாள். கழற்றிவிடப்பட்டவள் என்று தெருவில் பேர் வாங்குவதைவிட அது மேல் என்று நினைத்தாள்.

அவள் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவனுக்கு நற்சான்றிதழாகிவிட்டது. இரண்டரை வருடம் கழித்து, வண்டி வாங்கப் போன துன்ஜுங்கை அவன் பிடித்துக்கொண்டான். பெண் கேட்டு வந்தபோது முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு அப்ப என்னைப் பிடிக்கல. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றான். அம்மா உருகிப்போனாள். துன்ஜுங் போனில் தோழியிடம், "அக்கா வர்ற வரனையெல்லாம் தட்டிக் கழிச்சிட்டு உக்காந்திருக்கா. அவளுக்காகக் காத்திருந்தா எனக்கும் நரைச்சிடும்" என்று சிரித்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

இப்போது போய் உண்மையைச் சொன்னால் பொறாமையில் உளறுகிறாள் என்பார்கள். அதனால் அவன் வாயிலிருந்தே வர வேண்டும், துன்ஜுங்கின் முன்னால் வர வேண்டும். அதற்குத்தான் இந்த ஒருநாள் பயணம். ஒருவேளை அவன் வாயைத் திறக்காமல் கோவிலுக்குள் வந்துவிட்டாலும் முர்வானிக்கு நஷ்டமில்லை. மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும்.

ஞாயிறு காலை பூர்வோசாரி நிலையத்தில் ஹங்கோரோ இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். "சலாம் அக்கா. உங்க புண்ணியத்துல எங்களுக்கும் ஒரு ஊர்சுத்தல்" என்று பல்லைக் காட்டினான். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். தங்கையைக் கட்டப் போகிறவன் என்பதால் முறைப்படி அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். தெக், தெக் என்று குழைந்த அதே நாக்கு. முர்வானி அதைவிட அழகாகச் சிரித்தாள்.

ரயிலில் அம்மா வாழையிலையில் கட்டிய ஒட்டரிசி உருண்டைகளை எடுத்தாள். காவலர் வந்து வண்டிக்குள் சாப்பிடக் கூடாது என்றார். "சாப்பிடல தம்பி, கெட்டுப்போச்சான்னு மோந்து பாக்கிறேன்" என்று அம்மா திரும்ப மடித்துவைத்தாள். துன்ஜுங் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஹங்கோரோவின் தோளில் சாய்ந்திருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்பு முர்வானியும் அதே பக்கம்தான் சாய்ந்தாள். பிரம்பானனில் வண்டி நின்றபோது அவன் போனைப் பார்க்க ஆரம்பித்தான். வண்டி கிளம்பிய பிறகுதான் தலையைத் தூக்கினான். பார், இப்போதே பார்த்துக்கொள், சாயங்காலம் போன் உதவாது என்று முர்வானி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜோக்ஜாவில் முதல் இடம் கூடெக் கடை. பலாக்காயை வெல்லத்தோடு ராத்திரி முழுக்க வேகவைத்த குழம்பு, பக்கத்தில் காரமான மாட்டுத்தோல் கறி. தெருவில் பத்துக் கடைகள் இருந்தும் முர்வானி நேராகப் பச்சை வாசல் வைத்த கடைக்குள் போனாள். உள்ளே மூலையில், சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்தாள். ஹங்கோரோ அந்த மேசையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

பரிமாறும் பெண் வந்து கேட்டபோது, அவன் பழக்கதோஷத்தில் முர்வானியைக் காட்டி, "அவங்களுக்கு மாட்டுத்தோல் வேணாம்" என்றான்.

துன்ஜுங் நிமிர்ந்தாள். "அக்காவுக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாஸ்?"

"சும்மா... முகத்தைப் பாத்தாத் தெரியுதே."

"வண்டி விக்கிறவர் ஜோசியமும் பாப்பார் போல" என்றாள் முர்வானி. அம்மா சிரித்தாள். துன்ஜுங் சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் அரை நொடி தாமதமாக.

அடுத்து பழைய சுல்தானின் நீர்மாளிகை. சுரங்கப்பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எல்லோரும் தயங்கி நிற்க, ஹங்கோரோவின் கால் தானாக வலப்பக்கம் திரும்பியது. "இங்க வந்ததே இல்லைன்னீங்களே?" என்றாள் துன்ஜுங். "காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வருது" என்றான் அவன். காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. மாடிப்படிகள் கூடும் வட்டக் கிணற்றருகே முர்வானி எல்லோரையும் நிறுத்தி, "மாப்பிள்ளை, எங்க மூணு பேரையும் ஒரு படம் எடுங்க. இந்தப் படியிலேர்ந்து எடுத்தாத்தான் நல்லா விழும்" என்றாள். அதே படியிலிருந்துதான் அன்றைக்கு அவளைப் படம் எடுத்தான். அவன் எடுத்த படத்தில் அம்மாவுக்குத் தலையே விழவில்லை.

அந்தப் பழைய நாளையே அவள் திரும்ப நடத்துகிறாள் என்பதில் அதற்குப் பிறகு அவனுக்குச் சந்தேகம் இல்லை. சந்தையில் எந்தத் துணிக்கடை, மாலியோபோரோ கடைத்தெருவில் எந்தப் பெஞ்சு என்று எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. கடைசியில் என்ன வரும் என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். முர்வானி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்பியாப் பெட்டிகளை மட்டும் அவன் கையில் அடுக்கிக்கொண்டே போனாள். ஊருக்குப் போனால் தெரு முழுக்கத் தின்பண்டம் கொடுக்காமல் முடியுமா? பக்கத்து வீட்டுக்கு ரெண்டு, பள்ளிவாசல் தெருவுக்கு நாலு, மாமா வீட்டுக்கு மூணு என்று பதினெட்டுப் பெட்டி சேர்ந்தது. அவன் கொலுவுக்கு நிற்கும் பொம்மை மாதிரி சுமந்துகொண்டு வந்தான். அவளுக்கு இத்தனை சுகமான நாள் நான்கு வருடத்தில் வாய்த்ததில்லை. அதை நினைத்து அவள் வெட்கப்படவும் இல்லை.

ஒன்றரை மணிக்கு அவன் அம்மாவிடம் நைசாக, "திரும்பறதுக்கு பஸ்ல போயிடலாமே, ரயில் கூட்டமா இருக்கும்" என்று ஆரம்பித்தான்.

"ரயில்னுதான் கேட்டிருக்கா தம்பி. அதை மாத்தக் கூடாது" என்றாள் அம்மா.

திரும்பும் வண்டியில் கூட்டம். ஹங்கோரோவுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்தது, மடியில் பெட்டிகளோடு உட்கார்ந்தான். பக்கத்தில் அம்மா. அக்காவும் தங்கையும் கம்பியைப் பிடித்து நின்றார்கள். மாகுவோ நிலையம் தாண்டியதும் முர்வானி சொன்னாள்.

"அம்மா, எந்திரி. அடுத்தது இறங்கணும்."

"ஏன்டி? வீடு வர இன்னும் எவ்வளவோ இருக்கே."

"அடுத்தது பிரம்பானன். கோவிலைப் பாத்துட்டுப் போவோம்."

"அஸ்தக்ஃபிருல்லா!" அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? அடுத்த மாசம் கல்யாணத்தை வச்சுக்கிட்டு யாராவது ஜோடியை அங்க கூட்டிட்டுப் போவாங்களா?"

எதிர் இருக்கைப் பெண்மணி கேட்காமலேயே சேர்ந்துகொண்டாள். "போகாதீங்கம்மா. எங்க தெருப் பொண்ணு போய்ட்டு வந்து நாப்பதே நாள்ல முறிஞ்சுது."

"நாமளும் கல்யாணத்துக்கு முன்னாடி போனோமே, முறியலையே?" என்றார் பக்கத்தில் இருந்த அவள் புருஷன்.

"அதான் எனக்கும் இன்னைக்கு வரைக்கும் வருத்தம்" என்றாள் அவள்.

முர்வானி அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். "நான் சொல்ற இடத்துக்கெல்லாம் வர்றேன்னு வாக்குக் குடுத்தே. வேணாம்னா விட்டுரு, நான் வற்புறுத்தல. கேட்ட சீரைக் குடுக்காமத் தாண்டினா என்ன ஆகும்னு என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

போனாலும் பிரிவு, போகாவிட்டாலும் கேடு. இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் மாட்டிய கோழி மாதிரி, அம்மா மாறி மாறி இரண்டு மகள்களையும் பார்த்தாள்.

துன்ஜுங்தான் சிரித்தாள். "விடும்மா, போயிட்டு வந்துரலாம். மாஸ் இதையெல்லாம் நம்பறவரே இல்ல. எங்க பிறந்தநாளைக் கூட்டிப் பாத்து மாமா பிரிவுன்னு சொன்னப்ப என்ன சொன்னார்? கணக்கெல்லாம் பயந்தவங்களுக்குன்னு சொல்லலியா? இல்ல மாஸ்?"

"அது வேற, இது வேற தெக்."

"என்ன வேற?"

"எனக்கு வயிறு சரியில்ல. காலையில அந்தக் கூடெக்..."

"நீங்க வரலன்னா சீர் நிறையாது மாப்பிள்ளை" என்றாள் முர்வானி மெதுவாக. "வாசல் வரைக்கும் வந்தாக்கூடப் போதும். பயமா?"

"பயமெல்லாம் இல்ல அக்கா."

"அப்ப எந்திரிங்க மாஸ்" என்றாள் துன்ஜுங். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் முர்வானிக்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது.

அவன் கையை உதறினான். பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. "சொன்னாக் கேளு! உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒரு தடவை அங்க போய்ப் பட்டிருக்கேன்!"

ரயில்பெட்டிக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேகம் குறைந்து வண்டி பிரம்பானனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"யாரோட?" என்றாள் துன்ஜுங்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. துன்ஜுங் அவனைப் பார்த்தாள். பிறகு, மிக மெதுவாக, அக்காவைப் பார்த்தாள். மாட்டுத்தோல் வேண்டாம் என்ற சொல்லும், சுரங்கத்தில் தானாகத் திரும்பிய காலும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்வது முர்வானிக்குத் தெரிந்தது.

"அக்காவோடயா?"

"அது... அது நாலு வருஷம் முன்னாடி தெக்."

"அக்காவுக்கு உங்களைப் பிடிக்கலன்னீங்களே? பிடிக்காதவ உங்களோட ஜோக்ஜா வரைக்கும் வந்தாளா?"

கதவு திறந்தது. துன்ஜுங் முதலில் இறங்கினாள். பிறகு அம்மா, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முர்வானியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நடைமேடையில் நின்று துன்ஜுங் திரும்பிக் கையை நீட்டினாள்.

"இறங்குங்க. அவளோட போன இடத்துக்கு என்னோடயும் வாங்க. ஒண்ணும் ஆகலன்னா கட்டிக்கிறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணி அடித்தது, கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் எதையோ சொல்லிக்கொண்டே சோலோ பக்கம் நகர்ந்து போனது.

நடைமேடை காலியானதும் துன்ஜுங் கேட்டாள். "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா."

"வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

துன்ஜுங்கின் உதடு கோணியது. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தம் இல்லாததால் எல்லாம் வெளியே கேட்டது. முர்வானி இந்த அழுகையைத்தான் பல நாள் கற்பனை செய்து வைத்திருந்தாள். அது இனிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தபோது இருந்த ருசி இதில் இல்லை.

"உன் மேலயும் எனக்குக் கோபம்தான்" என்றாள். "எனக்கும் நரைச்சிடும்னு போன்ல சிரிச்சியே, அதுக்கு. அது இப்பத் தீந்துபோச்சு. அவன் மேல இருக்கிறது தீரல."

துன்ஜுங்கின் மடியில் போன் துடித்தது. வண்டி இன்னும் கிளாத்தென் நிலையத்துக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. அவள் கண்ணைத் துடைத்துப் படித்தாள், பிறகு உரக்கவே படித்தாள்.

"'தெக், நீ பிரம்பானன்ல இறங்கியிருக்கக் கூடாது. பெரியவங்க சொன்னது பலிச்சிடுச்சு. நான் என்ன செய்ய, விதி. என்னை மன்னிச்சிடு.'"

முர்வானி தன் போனைத் திறந்தாள். நான்கு வருடத்தில் இரண்டு போன் மாற்றியும் அழிக்காமல் கொண்டுவந்த செய்தியைத் தேடித் தங்கையின் முன்னால் நீட்டினாள். துன்ஜுங் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொடக்கத்தில் இரண்டு மூன்று சொல்தான் மாறியிருந்தது. புதிதாக எழுதக்கூட அந்த மனுஷனுக்குச் சோம்பல்.

துன்ஜுங் அழுகையை நிறுத்திவிட்டாள். முர்வானியின் போனிலிருந்த பழைய செய்தியை, தேதியோடு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். அதே படத்தை அவன் அம்மாவுக்கும், அவன் ஷோரூம் முதலாளிக்கும் அனுப்பினாள். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பதில் வரவில்லை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது என்ன என்று முர்வானிக்கு நன்றாகவே தெரியும். நான்கு வருடமாகக் கண்ணாடியில் பார்த்ததுதான்.

"வா, கோவிலைப் பாக்கலாம்" என்றாள் துன்ஜுங். "அக்கா தங்கச்சி சேந்து போனா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"இதுக்கு மேல ஆக என்ன இருக்கு?"

பின்னால் அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவளுக்கு அவளுடைய கவலை. "அழைப்பு குடுத்தாச்சு, பக்பியா பூரா அவனோட போயிடுச்சு, தெருவுல என்ன சொல்றது?" என்று புலம்பியவள், திடீரென்று ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "அடியே முர்வானி! கல்யாணமே இல்லன்னா துன்ஜுங் உன்னைத் தாண்டவே இல்லயே. அப்ப தாண்டல் சீரைத் திருப்பிக் குடுக்கணுமே! முறை அதுதானே?"

முர்வானி திரும்பிப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக நிஜமாகவே சிரித்தாள்.

"வேற எதைக் கேட்டாலும் தர்றேம்மா. இதை மட்டும் தர மாட்டேன்."